கடலூரிலிருந்து சிங்கப்பூர்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் விமான டிக்கெட் போட்டுத் தரும் சின்னக் கடை என்னுடையது. வருகிறவர்களில் பாதிப் பேர் சிங்கப்பூருக்குத்தான் போகிறார்கள். வேலைக்குப் போகும் தம்பிகள், மகள் பிரசவத்துக்குப் போகும் அம்மாக்கள், பரங்கிப்பேட்டை, நெல்லிக்குப்பம் பக்கத்துக் குடும்பங்கள், பாண்டிச்சேரியிலிருந்து வருகிறவர்கள். எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் விமான தூரம் எவ்வளவு?

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து சிங்கப்பூர் சாங்கி வரை நேர்கோட்டில் சுமார் 2,920 கிலோமீட்டர். கடல் மைலில் சொன்னால் ஏறக்குறைய 1,575. நேர்கோடு என்பது உருண்டைப் பூமியின் மேல் நூல் பிடித்து இழுத்தால் கிடைக்கும் மிகக் குறுகிய தூரம். விமானம் அந்த நூல் மேலேயே போகாது. வான்வழித் தடங்கள், மழை மேகம், இறங்கும் முன் வரிசையில் காத்திருப்பது என்று கொஞ்சம் வளைந்துதான் போகும். அதனால் உண்மையில் பறக்கும் தூரம் இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

வரைபடத்தை வைத்துக் கணக்குப் போட்டபோது என்னை யோசிக்க வைத்த ஒரு விஷயம் உண்டு. கடலூர் கடற்கரையிலிருந்து சாங்கிக்கு நேர்கோடு இழுத்தால் 2,910 கிலோமீட்டர்தான் வருகிறது. நாம் வடக்கே சென்னை வரை தரைவழியில் அத்தனை தூரம் போகிறோம், சிங்கப்பூரோ ஒரு கிலோமீட்டர்கூடப் பக்கத்தில் வருவதில்லை.

பறக்கும் நேரம் எவ்வளவு?

நேரடி விமானம் என்றால் 4 மணி நேரத்திலிருந்து நாலரை மணி நேரம். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம், விமானம் நிற்குமிடத்திலிருந்து நகரும் கணத்தில் தொடங்கி அங்கே போய் நிற்கும் வரைக்குமான கணக்கு. ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்கிய பின் வாயில் வரை போவது எல்லாம் அதில் சேரும். மேலே போனபின் மணிக்கு 830 முதல் 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும். அந்த வேகத்தில் 2,920 கிலோமீட்டரை வகுத்தால் மூன்றே கால், மூன்றரை மணி நேரம்தானே வருகிறது என்று கணக்கில் கெட்டிக்காரத் தம்பி ஒருவர் கேட்டார். மீதி நேரம் இந்த ஊர்தலுக்கும் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் போகிறது.

டிக்கெட்டில் இரவு 11.30க்குக் கிளம்பி காலை 6.20க்கு இறங்கும் என்று இருக்கிறதே, ஏழு மணி நேரமா?

இல்லை. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. டிக்கெட்டில் கிளம்பும் நேரம் சென்னைக் கடிகாரப்படி, இறங்கும் நேரம் சிங்கப்பூர்க் கடிகாரப்படி. அங்கே காலை 6.20 என்றால் நமக்கு விடியற்காலை 3.50. ஆக 4 மணி 20 நிமிடம். திரும்பி வரும்போது இதற்கு நேர்மாறு. மாலை 6 மணிக்கு அங்கே கிளம்பினால் இரவு 8 மணி வாக்கில் சென்னையில் இருப்பீர்கள். இரண்டு மணி நேரத்தில் வந்துவிட்டது போலத் தெரியும். கடிகாரம் மாறியதுதான் காரணம்.

வயதானவர்கள் சிலர் "வித்தியாசம் ரெண்டு மணி நேரம்தானே" என்பார்கள். அவர்கள் சொல்வதும் ஒரு காலத்தில் சரியாக இருந்தது. 1982 ஜனவரி 1ஆம் தேதிதான் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தது. சூரியனுக்கு அந்த மாற்றம் தெரியாது அல்லவா? அதனால் அங்கே ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஏழு மணிக்குத்தான் விடியும். ஆறரைக்கு இறங்குகிறவர்களுக்கு வெளியே இன்னும் இருட்டாக இருக்கும்.

போகும்போதும் வரும்போதும் நேரம் வேறுபடுமா?

வேறுபடும், காற்றால். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், ஜூனிலிருந்து செப்டம்பர் வரை, நம் தலைக்கு மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பலத்த காற்று ஓடுகிறது. வெப்பமண்டலக் கீழைத் தாரைக் காற்று என்பார்கள். இதை 1958இல் உலகுக்கு எடுத்துச் சொன்னவர் கோட்டீஸ்வரம் என்ற இந்திய வானிலை அறிஞர். அந்த மாதங்களில் சிங்கப்பூர் போகும்போது அது எதிர்காற்று, திரும்பும்போது பின்னிருந்து தள்ளும் காற்று. சில நிமிடங்கள் கூடும், சில நிமிடங்கள் குறையும். அதற்காகப் பயணத் தேதியை மாற்ற வேண்டியதில்லை.

எந்த வழியாகப் பறக்கும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கேட்பவர்கள் குறைவு.

சென்னையை விட்டதும் வங்காள விரிகுடா. பிறகு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கீழே வெறும் தண்ணீர்தான். நேர்கோட்டைத் தொடர்ந்தால் அது பெரிய நிக்கோபார் தீவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. அங்கிருந்து சுமத்ராவின் வடமுனையான ஆச்சே, அப்புறம் மலாக்கா நீரிணை, அதைத் தாண்டி சிங்கப்பூர். இந்த வழி நம் முன்னோர்களுக்குத் தெரியாததா? ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், 1025 வாக்கில், கடல் கடந்து கடாரத்தை வென்ற ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி அவன் வென்ற இடங்களை வரிசையாகச் சொல்கிறது. அதில் வரும் மாநக்கவாரம் இந்த நிக்கோபார்தான். இலாமுரிதேசம் இந்த ஆச்சேதான். பகல் விமானத்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தால், புறப்பட்டு இரண்டு மணி நேரம் ஆனபின் கீழே பாருங்கள். மேகம் இல்லாவிட்டால் பச்சையாக ஒரு தீவு தெரியும்.

விமானத்துக்கு முன்பு எப்படிப் போனார்கள்?

கப்பலில். என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் போனவர். 1926இல் கட்டிய கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஓடியது. ஏறக்குறைய ஒரு வாரப் பயணம். அதற்குப் பின் எம்.வி. சிதம்பரம் ஓடியது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்து உயிர்கள் போயின. அத்துடன் அந்தக் கப்பல் போக்குவரத்து முடிந்தது. எங்கள் வீட்டில் தாத்தாவின் தகரப் பெட்டி இன்னும் இருக்கிறது. மூடியின் உட்புறத்தில் கப்பல் கம்பெனிச் சீட்டு ஒட்டியிருந்த இடம் மட்டும் துருப்பிடிக்காமல் சதுரமாகத் தெரியும்.

வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போட்டால் மொத்தம் எவ்வளவு நேரம்?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். விமான தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் மட்டும் பார்த்து "நாலு மணி நேரம்தானே" என்று கிளம்புகிறவர்கள்தான் அவதிப்படுகிறார்கள்.

இரவு 11.30 விமானம் என்று வைத்துக்கொள்வோம். இரவு 8 மணிக்கு விமான நிலையத்தில் இருக்க வேண்டும். அதற்கு மஞ்சக்குப்பத்திலிருந்து பிற்பகல் 3 மணிக்கு வண்டி கிளம்ப வேண்டும். நம் நேரப்படி 3.50க்கு இறங்குவீர்கள். குடிநுழைவு (இமிக்ரேஷன்), பெட்டி எடுப்பது எல்லாம் ஒரு மணி நேரம். அங்கிருந்து தங்குமிடம் போக இன்னும் ஒரு மணி நேரம். ஆக நம் கடிகாரத்தில் விடியற்காலை 5.50 ஆகிவிடும். பிற்பகல் 3 முதல் விடியல் 5.50 வரை, 14 மணி 50 நிமிடம். அதில் பறப்பது நாலேகால் மணி நேரம் சொச்சம். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

என் கடையில் டிக்கெட் வாங்கி விமானத்தைத் தவறவிட்டவர்கள் எல்லாரும் தரையில்தான் தவறவிட்டார்கள்.

கடலூரிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு எந்த வழி நல்லது?

காரில் ஏறக்குறைய 175 கிலோமீட்டர். பாண்டிச்சேரியிலிருந்து என்றால் 150 வாக்கில். இரண்டு வழி உண்டு. ஒன்று, பாண்டிச்சேரி, திண்டிவனம், செங்கல்பட்டு, தாம்பரம் வழியாக ஜி.எஸ்.டி. சாலை. இன்னொன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம், கல்பாக்கம், மாமல்லபுரம் போய், அங்கிருந்து உள்ளே திரும்புவது. வார நாட்களில் நான் ஜி.எஸ்.டி. சாலையைத்தான் சொல்வேன், விமான நிலையத்தின் வாசலிலேயே கொண்டுபோய் விடும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலையிலும், பொங்கல், தீபாவளி விடுமுறை முடிந்து ஊரே சென்னைக்குத் திரும்பும் நாளிலும் பரனூர் சுங்கச்சாவடியிலிருந்து பெருங்களத்தூர் வரை வண்டிகள் நகராது. அன்று கடற்கரைச் சாலை நல்லது. சாதாரண நாளில் மூன்றரை மணி நேரம் ஆகும் வழிக்கு ஐந்து மணி நேரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் உட்கார நாற்காலி இருக்கிறது.

பேருந்தில் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபின் தென்மாவட்ட வண்டிகள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகின்றன. அங்கிருந்து மாநகரப் பேருந்தோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும். பெட்டியோடு இறங்கி ஏற முக்கால் மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரயிலில் என்றால் திருப்பாதிரிப்புலியூரில் ஏறி தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் நாலாவது நிறுத்தமான திரிசூலத்தில் இறங்கலாம். எதிரேதான் விமான நிலையம். பெட்டி ஒன்றுதான், கூட வருபவர் யாரும் இல்லை என்றால் இது மிகச் சிக்கனமான வழி. இரண்டு பெரிய பெட்டியும் அம்மாவும் கூட இருந்தால் வேண்டாம், படிக்கட்டில் சிரமப்படுவீர்கள்.

திருச்சி பக்கமா, சென்னை பக்கமா?

கடலூர் நகரத்துக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம். விருத்தாசலம், நெய்வேலி, சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கத்தவர்களுக்கு நான் திருச்சியைத்தான் சொல்வேன். அங்கே ஊர்ப் போக்குவரத்து நெரிசல் குறைவு, 2024இல் புது முனையமும் திறந்துவிட்டார்கள். ஸ்கூட், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போன்றவை அங்கிருந்து நேரடியாகப் பறக்கின்றன. திருச்சி தெற்கே இருப்பதால் சிங்கப்பூருக்குப் பக்கம் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தெற்கே இருந்தாலும் மேற்கே தள்ளி இருக்கிறது. திருச்சியிலிருந்து நேர்கோட்டில் சுமார் 2,980 கிலோமீட்டர், சென்னையைவிட 60 கிலோமீட்டர் கூடுதல். விமானத்துக்கு அது நாலைந்து நிமிடம், அவ்வளவுதான்.

பாண்டிச்சேரியிலேயே விமான நிலையம் இருக்கிறதே, அங்கிருந்து நேராகப் போக முடியாதா?

முடியாது. லாஸ்பேட்டை ஓடுபாதை 1,500 மீட்டர் நீளம்தான். ஏ.டி.ஆர். போன்ற சின்ன விமானத்துக்கு அது போதும். 2024 டிசம்பரில் இண்டிகோ அந்த விமானத்தை வைத்துத்தான் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் சேவை தொடங்கியது. சிங்கப்பூர் வரை எரிபொருளும் ஆட்களும் ஏற்றிக்கொண்டு போகும் ஜெட் விமானத்துக்கு அந்த நீளம் காணாது. சென்னையின் பெரிய ஓடுபாதை 3,600 மீட்டருக்கு மேல். ஓடுபாதையை நீட்ட வேண்டும் என்று பாண்டிச்சேரிக்காரர்கள் எவ்வளவோ காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நடந்தால் நமக்கும் நல்லது.

பெங்களூர் போய் மாறிப் போகலாமா என்றால், போகலாம். ஆனால் இரண்டு டிக்கெட்டையும் ஒரே பதிவில் போட்டிருக்க வேண்டும். தனித்தனியாக வாங்கி, முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டின் பணம் போய்விடும்.

நள்ளிரவு விமானம் என்றால் எந்தத் தேதி?

தயவுசெய்து இதை இரண்டு தடவை படியுங்கள்.

டிக்கெட்டில் 15ஆம் தேதி 00.30 மணி என்று இருந்தால், 14ஆம் தேதி இரவே நீங்கள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 14ஆம் தேதி பிற்பகலிலேயே கடலூரை விட்டுக் கிளம்ப வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் முதுநகரைச் சேர்ந்த ஒரு தம்பி, முதன்முறை வேலைக்குப் போகிறவர், 15ஆம் தேதி மதியம் என் கடைக்கு வந்தார். புதுச் சட்டை, நெற்றியில் பாடலீஸ்வரர் கோயில் விபூதி, கையில் அவர் அம்மா கட்டிக்கொடுத்த புளிசாதம். "அண்ணே, ராத்திரி கிளம்பறேன், சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். நான் கம்ப்யூட்டரில் பார்த்தேன். அவருடைய விமானம் பன்னிரண்டு மணி நேரத்துக்கு முன்பே போய்விட்டிருந்தது. அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டிக்கெட் அச்சடித்துக் கொடுத்தவன் நான். தேதியை வாயால் சொல்லியிருக்க வேண்டியவனும் நான்தான். வேறு டிக்கெட் போட்டு இரண்டு நாள் கழித்து அனுப்பி வைத்தோம். அன்றிலிருந்து நள்ளிரவு டிக்கெட் எதுவானாலும் மேலே சிவப்பு மையில் "14ஆம் தேதி செவ்வாய் மதியம் வீட்டை விட்டுக் கிளம்பணும்" என்று கிழமையோடு எழுதித்தான் கொடுக்கிறேன். நீங்கள் ஆன்லைனில் வாங்கினாலும் அப்படி ஒன்றை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிடுங்கள்.

எத்தனை மணி நேரம் முன்னால் விமான நிலையத்தில் இருக்க வேண்டும்?

மூன்று மணி நேரம். வயதானவர்களோ முதல் பயணமோ என்றால் மூன்றரை. பெட்டி போடும் கவுண்டரை விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போதே மூடிவிடுவார்கள். விமானம் கண்ணுக்கு எதிரே நின்றாலும் ஏற்ற மாட்டார்கள்.

நேரத்தைத் தின்னும் இன்னொரு காரியம், பெட்டியைத் திறக்கச் சொல்வது. பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெரிய பெட்டியில் வைக்கக் கூடாது. ஊறுகாயும் நெய்யும் பெரிய பெட்டியில்தான். கொப்பரைத் தேங்காய் வேண்டவே வேண்டாம். குருமாவுக்கென்று கசகசா எடுத்துப் போகாதீர்கள், சிங்கப்பூரில் அது தடை செய்யப்பட்ட பொருள்.

மழைக்காலத்தில் எப்படித் திட்டமிடுவது?

அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை ஒருநாள் முன்னதாகவே சென்னைக்குப் போய்த் தங்கிவிடுங்கள் என்பேன், புயல் அறிவிப்பு இருந்தால் கண்டிப்பாக. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரி அருகே கரை கடந்ததை நாம் மறக்க முடியுமா? சென்னை விமான நிலையத்தை மூடினார்கள். அது திறந்த பிறகும் நமக்குப் போக வழி இல்லை. தென்பெண்ணை வெள்ளம், விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தைத் தொடும் தண்ணீர், ரயில்கள் நின்றன. விமானம் பறந்தது, நம்மவர்கள் முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், 2015 டிசம்பர் வெள்ளத்திலும் சென்னை ஓடுபாதையே மூழ்கியது.

போகியன்று விடியற்காலை விமானம் எடுக்காதீர்கள். பனியும் புகையும் சேர்ந்து தாமதமாவது சென்னையில் வழக்கம்.

சாங்கியில் இறங்கியபின் எவ்வளவு நேரம் ஆகும்?

கிளம்பும் முன்பே சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பியிருந்தால் சீக்கிரம் முடியும். இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் இல்லை, மூடிவிடுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் ஒப்புதல் கடிதத்தை அச்சடித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், போனில் மட்டும் வைத்திருந்தால் சார்ஜ் தீர்ந்த நேரத்தில் திண்டாட்டம்.

தேக்கா, லிட்டில் இந்தியா பக்கம் போக ரயில் எளிது. விமான நிலைய ரயிலில் ஏறி அடுத்த நிறுத்தமான எக்ஸ்போவில் இறங்கி டவுன்டவுன் தடத்தில் மாறினால் நேராக லிட்டில் இந்தியா. ரயில் காலை ஐந்தரை வாக்கில்தான் தொடங்கும். அதற்கு முன் இறங்கினால் டாக்சி, அல்லது அங்கேயே உட்கார்ந்து ஒரு டீ.

போய் இறங்கிவிட்டேன் என்று எப்போது போன் வரும்?

டிக்கெட் வாங்குகிறவர் இதைக் கேட்க மாட்டார். கூட வந்த அம்மா, கடைசியில், எழுந்திருக்கும்போது கேட்பார்.

அம்மா, 11.30 விமானம் என்றால் அது இறங்கும்போது நம் ஊரில் விடியற்காலை 3.50. நம் ஊர் சிம் அங்கே வேலை செய்யாமல் போகலாம். சாங்கியில் இலவச வைஃபை இருக்கிறது, ஆனால் பிள்ளை முதலில் குடிநுழைவு வரிசையில் நிற்பான், பெட்டி தேடுவான். ஐந்து மணிக்கு மேல் எதிர்பாருங்கள். தூக்கம் வரவில்லை என்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லி போனில் ஃபிளைட்ரேடார்24 போடச் சொல்லுங்கள். விமான எண்ணைக் கொடுத்தால் சின்ன மஞ்சள் விமானமாகக் கடல் மேல் நகர்வது தெரியும். நடுக்கடலில் சிறிது நேரம் அது நின்றுவிடலாம், மறைந்தும் போகலாம். தரையில் இருக்கும் ரிசீவருக்கு எட்டாத தூரம், அவ்வளவுதான், பயப்பட ஒன்றுமில்லை. நிக்கோபாரைத் தாண்டியதும் திரும்பத் தெரியும்.